எங்கள் வீட்டுச் சிவப்புத் தரை

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டின் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதிப்பதென்று என் தம்பி முடிவு செய்து, அதற்கான செலவுக் கணக்கையும் எழுதி எனக்கு அனுப்பியிருந்தான். அது 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். என் குடும்பம் திருச்சியில். அம்மா தம்பியோடு பாளையங்கோட்டையில். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போய் வருவேன். அப்படிப் போய் வருகிறவனுக்கு அந்த வீட்டுத் தரையைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவ்வளவு உரிமை உண்டு என்பதை அந்தத் தாளைப் படித்தபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை. "நான் வரும்வரை எதையும் தொடாதே" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு மறுநாளே ரயில் ஏறினேன்.

அது சிவப்பு சிமெண்டுத் தரை. ரெட் ஆக்சைடு தரை என்று பெரும்பாலோர் சொல்வர். எங்கள் ஆச்சி கடைசிவரை 'காவித் தரை' என்றே சொல்லி வந்தார். வாசகர்களில் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர் இத்தகைய தரையில்தான் தவழ்ந்து, விழுந்து, எழுந்து, பாடம் படித்து வளர்ந்திருப்பீர்கள். எங்கள் கூடம் 16 அடி நீளம், 12 அடி அகலம். சுவரை ஒட்டி நான்கு விரற்கடை அகலத்தில், புடவைக்குக் கரை போட்டாற்போல, ஒரு கறுப்புக் கரை. நடுவில் மஞ்சளில் ஒரு சாய்சதுரம். மற்ற இடமெல்லாம் சிவப்பு. ஆனால் ஒரே சிவப்பு அன்று. வாசலிலிருந்து அடுக்களைக்குப் போகும் தடத்தில் அது மாதுளை முத்துப்போல் தெளிந்திருக்கும். பீரோவின் அடியில் செங்கற்பொடிபோல் மங்கியிருக்கும். மாலையில் செபமாலைக்காக முழந்தாளிடும் இடத்தில், திருஇருதயப் படத்துக்கு நேர் கீழே, ஏறத்தாழக் கறுத்தே போயிருக்கும். 2003இல் அப்பாவின் பெட்டியை வைத்ததும் அந்த இடத்தில்தான்.

வீட்டு வேலை 1979இல் தொடங்கி 1980இல் முடிந்தது. அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். மனை வாங்கியதிலேயே அம்மாவின் சங்கிலி போய்விட்டது. அந்நாளில் சற்று வசதியுள்ளவர்கள் கூடத்துக்கு மொசைக் போட்டார்கள். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டோடு கலந்து பரப்பி, இறுகிய பின் அரைத்து மெருகேற்றுகிற தரை அது. அதற்கு ஒரு படி கீழே சிவப்பு சிமெண்டு. அதற்கும் கீழே வெறும் சாம்பல் நிறச் சிமெண்டு. கடைசியில் சாணம் மெழுகிய மண் தரை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் குனிந்து பார்த்தாலே போதும், அந்தக் குடும்பத்தின் வருமானத்தை ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம்.

சிமெண்டு கிடைப்பதே அப்போது பெரும்பாடு. அதன் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982இல் ஓரளவும் 1989இல் முழுமையாகவும்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வீடு கட்டுகிறவன் பெர்மிட்டுக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி வேதனை. திருநெல்வேலிக்கு வடக்கே சில கல் தொலைவில் தாழையூத்தில் 1949 முதலே சிமெண்டு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக்கல் எங்கள் மண்ணில் எடுத்தது, வேலை செய்தவர்கள் எங்கள் ஊரார், மூட்டைக்கு மட்டும் பெர்மிட். "புகையைப் பார்க்கப் பெர்மிட் வேண்டாம், மூட்டையைத் தொடத்தான் வேண்டும்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். கிடைத்த மூட்டைகள் சணல் சாக்கில் வரும். சாக்கின் இழைகளில் ஒட்டியிருக்கும் பொடியைக்கூட ஆச்சி வாசலில் உதறித் தட்டி ஒரு சட்டியில் சேர்த்து வைத்தார். அது எதற்குப் பயன்பட்டதோ, நினைவில்லை.

தரை போட்ட நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதினைந்து வயது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த அடித்தளம் முன்பே இறுகிக் கிடந்தது. பெரிய கொத்தனார் விடியுமுன்னே வந்துவிட்டார். தலைமுடி நரைத்த, அதிகம் பேசாத மனிதர். வந்ததும் கூடத்தின் சன்னல்களைச் சாத்தச் சொன்னார்; வெயிலும் காற்றும் பட்டால் மேல்பூச்சு சீக்கிரம் உலர்ந்து வெடித்துவிடுமாம். பிறகு, கூடம் முழுவதற்கும் வேண்டிய சிமெண்டையும் சிவப்புப் பொடியையும் ஒரே தவணையில் அளந்து, உலர்ந்த நிலையிலேயே கலக்கச் செய்து, மெல்லிய துணியில் சலிக்கச் சொன்னார். பாதியில் குறைந்தால் மறுபடி கலந்துகொள்ளலாமே என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, "ரெண்டாவது கலவை ரெண்டாவது கலவைதான், தம்பி" என்றார். அதன் பொருள் எனக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் முழுமையாக விளங்கியது.

ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு தாமிரபரணி மணல் என்ற கணக்கில் ஓரங்குலக் கனத்துக்குக் கலவை பரப்பி மட்டப்பலகையால் இழுத்தார்கள். பெரிய கொத்தனார் அதன்மேல் அடிக்கடி விரலை வைத்துப் பார்த்தார். விரல் பதிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவம் வந்ததும், தோசை மாவின் பதத்தில் கரைத்த சிவப்புச் சிமெண்டுப் பாலை அதன்மேல் ஊற்றி, ஒரு பலகையின் மீது குந்தியவாறு கரணையால் தேய்த்துக்கொண்டே பின்னோக்கி வாசலை நோக்கி நகர்ந்தார். ஒருமுறை தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். நீர் மேலே கசிந்து வற்றியதும் மறுமுறை. மாலைக்குள் மூன்று முறை. மூன்றாம் முறை கரணையை அழுத்தித் தள்ளுகையில் மணியை உரசுவது போன்ற ஓர் ஒலி எழுந்தது. மேல்பூச்சின் கனம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. கறுப்புக் கரைக்கும் மஞ்சள் சாய்சதுரத்துக்கும் நூல் பிடித்து எல்லை வகுத்திருந்தார்கள். மஞ்சளுக்கு மட்டும் வெள்ளைச் சிமெண்டு; சாம்பல் நிறச் சிமெண்டில் மஞ்சள் செத்துப்போகும்.

அன்றிரவு ஒரு பூனை உள்ளே வந்துவிட்டது. அடுக்களை வாசலருகே அதன் மூன்று காலடிகள் இன்றைக்கும் உள்ளன. நான்காவது காலை அது எங்கே வைத்தது என்பது எங்கள் குடும்பத்தில் தீராத விவாதம்.

மறுநாள் முதல் வாசற்படிகளில் களிமண்ணால் வரப்புக் கட்டிக் கூடம் முழுவதும் பத்து நாட்கள் தண்ணீர் நிறுத்தினார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு சிவப்புக் குளம். அதன்பின் இரண்டு சித்தாள் பெண்கள் வந்து குந்தியிருந்து, வழவழப்பான ஆற்றுக் கூழாங்கற்களால் நாள் முழுதும் தரையைத் தேய்த்தார்கள். கடைசியில் தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்துப் பூசி, கதம்பையால் தேய்த்தார்கள். தரை மெல்ல மெல்ல ஒளி பெற்றது. கொடிக்கம்பி கட்டியிருந்த சன்னலின் நிழலை அதில் கண்டு நாங்கள் கூச்சலிட்டது நினைவிருக்கிறது.

இனி என் பாடம். பொறுத்தருள்க. முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம் எளிதில் விடாது.

அந்தச் சிவப்புப் பொடி இரும்பு ஆக்சைடு. துருவின் நெருங்கிய உறவு. இரும்பு ஏற்கவேண்டிய ஆக்சிஜனை முன்பே ஏற்று முடித்துவிட்ட நிலை. ஆகவே வெயில் அதை வெளுக்கச் செய்வதில்லை; சாயங்கள் வெளுக்கும், துரு வெளுக்காது. ஆனால் அதற்கு ஒட்டும் வலிமை சிறிதும் கிடையாது. நிறம் ஆழமாக வேண்டுமென்று அளவுக்கு மேல் சேர்த்தால் தரை பொடியாக உதிரும். எடையில் பத்துக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை.

சிமெண்டு உலர்வதனால் இறுகுகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது, அது தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. தண்ணீரோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நுண்ணிய படிகங்களாக மாறுகிறது. நீர் வற்றிப் போனால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் அந்தச் சிவப்புக் குளம். இந்த வினையின்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெளிப்படும். அது மேற்பரப்புக்கு வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி, மீண்டும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. தாழையூத்தின் கல்லை ஏறக்குறைய 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டு அதிலிருந்து விரட்டிய அதே வாயுவை எங்கள் கூடத்தின் தரை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான். தேங்காயெண்ணெய் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத ஒருவகைச் சவர்க்காரப் படலமாகிறது. நுண்துளைகள் அடைபடுகின்றன. அதன்மேல் காலும் துணியும் கையும் படப்பட மெருகு ஏறுகிறது.

செட்டிநாட்டில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடிக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே ஒரு கண்ணாடித் தகட்டின் மீது உலோகச் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சின் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவையை அப்புகிறார்கள். சூளையில் சுடுவதில்லை. சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கல்லிலிருந்து கண்ணாடி தானே விலகிக்கொள்ளும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். அது பிறக்கும்போதே பளபளப்போடு பிறக்கிறது. எங்கள் தரையோ மங்கலாகப் பிறந்து, உழைப்பால் ஒளி பெற்றது. இப்படி ஒரு வாக்கியத்தை ரயிலிலேயே மனத்தில் அமைத்துக்கொண்டுதான் நான் பாளையங்கோட்டையில் இறங்கினேன். தம்பியிடம் சொல்லி அவன் வாயை அடைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

தம்பி வாதாடவே இல்லை. "அம்மாகிட்டப் பேசிக்கோ அண்ணே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். இரும்பு ஆக்சைடைப் பற்றியும் சொன்னேன். இன்று நகரங்களில் கட்டடக் கலைஞர்கள் இத்தகைய தரையை விரும்பிப் போடுகிறார்கள் என்பதையும், கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் எளிய வீடுகளுக்கு இதைப் பயன்படுத்தினார் என்பதையும் எடுத்துரைத்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்கள்.

"எல்லாம் சரிதான் ஐயா. நாப்பத்தஞ்சு வருசமா இதக் குனிஞ்சு துடைச்சவ நானில்லா. நீ வந்து நாலு நாள் நடந்துட்டுப் போறவன். உனக்கு இது அழகு, எனக்கு இது இடுப்பு வலி" என்றார்கள்.

நான் பேசாதிருந்தேன். அம்மா தொடர்ந்தார்கள். வாரந்தோறும் சனிக்கிழமை எண்ணெய்த் துணி. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் முன்னால் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து முழு வீட்டையும் முட்டி போட்டுத் தேய்த்தல். மழைக்காலத்தில் தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறி வெள்ளையாக உப்புப் பூக்கும். துடைக்கத் துடைக்கப் பூக்கும். எலுமிச்சைச் சாறு சிந்தினால் போயிற்று, புளிக்கரைசல் சிந்தினால் போயிற்று. அமிலம் பட்ட இடம் மெருகிழந்து வெளுத்துவிடும். 1991இல் என் திருமணத்துக்கு வந்த உறவினர் ஒருவர் கவிழ்த்த எலுமிச்சைச் சாற்றின் தடம் இன்றும் மஞ்சள் சாய்சதுரத்தின் அருகே இருப்பதை அம்மா கையை நீட்டிக் காட்டினார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. தரை உழைப்பால் ஒளி பெற்றது என்று நான் சொன்னேனே, அந்த உழைப்புக்கு ஒரு பெயரும் ஓர் இடுப்பும் இருந்தன.

"உங்கப்பாவுக்கும் இதுமேல பெரிய ஆசை ஒண்ணும் கெடையாது. கடைசிவரைக்கும் மொசைக்கு மொசைக்குன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு" என்றார்கள் அம்மா.

இது எனக்கு அடி. அப்பா பெருமையோடு போட்ட தரை என்றுதான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பா முடியாமல் போட்ட தரையை நான் அருமை பாராட்டிக் காத்துக்கொண்டிருந்தேன். அடுத்து அம்மா சொன்னது அதைவிட வலித்தது.

"தரையத் தேச்ச பொம்பளைங்க ரெண்டு பேரு. அதுல இளவயசுக்காரிக்குக் கை வெந்துபோச்சு, உனக்குத் தெரியுமா? உள்ளங்கையெல்லாம் தோலுரிஞ்சு ரத்தமா வந்துது. கொத்தனார் வேலை முடியட்டும்னு பாத்தாரு. நான்தான் மத்தியானச் சோறு போட்டுட்டு, தரைக்கு வாங்கி வச்ச எண்ணெய எடுத்து அவ கைக்குப் போட்டுவிட்டேன். மறுநாளும் வந்தா. வராட்டாக் கூலி போயிருமே."

நான் ஒரு வேதியியல் ஆசிரியன். தண்ணீர் சேர்ந்த சிமெண்டின் காரத்தன்மை 12, 13 என்ற அளவுக்கு ஏறும் என்றும், அது தோலைப் புண்ணாக்கும் என்றும், அதிலுள்ள குரோமிய உப்பு ஒவ்வாமையை உண்டாக்கி ஆயுள் முழுதும் விடாத சிரங்காகும் என்றும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன். அந்தப் பெண்கள் தேய்த்த நாளில் நான் அந்தக் கூடத்தின் வாசலில் நின்றவன். இந்த இரண்டையும் இணைத்து ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சன்னலின் நிழல் தரையில் தெரிந்தது நினைவிருக்கிறது, கை நினைவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். அம்மாவுக்கும் அது மறந்துவிட்டிருந்தது. "செவப்பா, ஒல்லியா இருப்பா. பக்கத்துத் தெருவுலதான் இருந்தா" என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று மாலை தம்பி வந்ததும் மூவரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் முன்வாசல் போர்டிகோவைப் பற்றி. அப்பா அதைத் தம் சைக்கிளை நிறுத்துவதற்காகக் கட்டினார். அங்கும் அதே சிவப்புத் தரை. 2012இல் தம்பி கார் வாங்கிய பிறகு அதன் எடையைத் தாங்காமல் தரை குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. ஓரங்குலக் கலவையைக் கார் நிற்பதற்காக எவரும் போடுவதில்லை; குற்றம் தரையினுடையதன்று. எஞ்சின் எண்ணெய் சொட்டி ஒரு கறுப்பு வட்டமும் விழுந்தது. 2018இல் ஒருவர் வந்து, மேலே ஒரு பூச்சுப் பூசினால் கண்ணாடி போலாகிவிடும், பத்தாண்டுக்குக் கவலையில்லை என்று சொல்லி, போர்டிகோவிலும் முன் திண்ணையிலும் பளபளப்பான எபாக்சிப் பூச்சு ஒன்றைப் பூசிவிட்டுப் போனார். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தைப்பொங்கலுக்குள் தோலாக உரிந்தது. காரணம் எளிது. பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் விரிப்பு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் தரை வழியாக மூச்சு விடும். மேலே அதன் வாயை அடைத்தால், அது அடைப்பைத் தள்ளிவிடும். பழைய தரை உடையவர்கள் இத்தகைய பூச்சுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர் வியர்த்திருந்தால் பூச்சுக்காரரை அன்போடு திருப்பி அனுப்பிவிடலாம்.

போர்டிகோவைப் பெயர்த்துவிட முடிவு செய்தோம். அங்கே நாலங்குலக் கனத்துக்குக் கம்பி வைத்த காங்கிரீட், தெருப்பக்கம் தண்ணீர் வடியச் சரிவு, வெடிப்பு தன் விருப்பப்படி ஓடாமல் நாம் சொன்ன கோட்டில் ஓடுவதற்காக இடையிடையே வெட்டு. மேற்பரப்பில் அழகு வேலை ஒன்றுமில்லை. ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒருமுறை இழுத்த கோடுகள் மட்டும். மழையில் கால் வழுக்காது. எனக்கு இப்போது அந்த வீட்டில் மிகவும் பிடித்த தரை எதுவென்று கேட்டால், சற்றுத் தயங்கி, அதைத்தான் சொல்வேன்.

அடுக்களை, குளியலறை, அம்மாவின் அறை ஆகிய மூன்றுக்கும் சொரசொரப்பான மேற்பரப்புள்ள டைல்ஸ். அம்மாவின் விருப்பம் அது. பளபளப்பான பெரிய டைல்ஸ் வேண்டாமென்று நான் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். ஈரத்தில் அது வழுக்கும். உள்ளதைச் சொன்னால், மெருகேறிய சிவப்புத் தரையும் ஈரத்தில் வழுக்கவே செய்யும். அம்மா இருமுறை விழுந்திருக்கிறார்கள். இதுவும் எனக்கு அன்றுதான் தெரியும்.

டைல்ஸைப் பழைய தரையின் மேலேயே பசை வைத்து ஒட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். அப்படிச் செய்தால் தரைமட்டம் உயர்ந்து கதவுகளின் அடிப்பாகத்தை இழைக்க வேண்டும், அறைக்கும் கூடத்துக்கும் இடையே தடுக்கும் படி ஒன்றும் உண்டாகும். எண்பத்து மூன்று வயதுக்காரருக்கு அந்த அரையங்குலமே ஆபத்து. ஆகவே அந்த அறைகளைப் பெயர்த்தோம். பெயர்த்த இரண்டு நாளும் அம்மாவைப் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கச் சொன்னேன். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. வேலையாட்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லி மூக்கின்மேல் ஏற்றினேன். நான் அந்தக் கூடத்தில் ஆசிரியனாகப் பயன்பட்டது அந்த இரண்டு நாட்கள்தான்.

கூடத்தை என்ன செய்வது? நான் வாய் திறக்கவில்லை. இனி எனக்குச் சொல்ல ஏதுமில்லை என்றிருந்தேன். அம்மாதான், "கூடம் கெடக்கட்டும். அவரு பெட்டி இருந்த எடம். தொடைக்கிறதுக்கு மட்டும் ஆள் வை" என்றார்கள். தம்பி ஒப்புக்கொண்டான். மாதத்துக்கு இருமுறை, நின்றுகொண்டே துடைக்கும் நீளக் கைப்பிடித் துடைப்பானால், அவனே துடைப்பதாகவும் சொன்னான். என் பங்கு என்னவென்று யாரும் கேட்கவில்லை. நானாகவே, திருச்சியிலிருந்து வரும்போதெல்லாம் எண்ணெய்த் துணியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இதுவரை மூன்று முறை செய்திருக்கிறேன். எனக்கும் இடுப்பு வலிக்கிறது.

கூடத்தில் பீரோவிலிருந்து வாசல்வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிதாயிற்று. டைல்ஸ் பதிக்கத் தெருவுக்கு நால்வர் உண்டு. சிவப்பு சிமெண்டைத் தொடுகிறவர் எவருமில்லை. கடைசியில் மேலப்பாளையத்துப் பக்கத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். எழுபது வயது. எங்கள் வீட்டுத் தரை போட்டபோது பெரிய கொத்தனாரிடம் தொழில் பழகிய இளைஞர்! அடுக்களை வாசலில் பூனையின் காலடியைக் கண்டதும் குனிந்து, "இது இன்னும் கெடக்கா?" என்று சிரித்தார். அம்மா அவரிடம் அந்தச் சித்தாள் பெண்ணைப் பற்றி விசாரித்தார்கள். நெடுநேரம் யோசித்தார். "எத்தனையோ பேரும்மா. யாரன்னு சொல்ல" என்றார்.

அவர் அவசரப்படவில்லை. முதல் நாள் சிவப்புப் பொடியை வெவ்வேறு அளவில் கலந்து, உடைந்த டைல்ஸ் துண்டுகளில் ஐந்து மாதிரிகளைப் பூசி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஈரத்தில் எல்லா நிறமும் ஆழமாகத் தெரியும். உலர்ந்த பின்னர்தான் அதன் உண்மை முகம். நான்காம் நாள் வந்து ஐந்தையும் வெடிப்பின் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. மூன்றாவது ஓரளவு நெருங்கி வந்தது. "இதுக்கு மேல வராது சார். அது நாப்பத்தஞ்சு வருசம் நடந்த செவப்பு" என்றார். பெரிய கொத்தனாரின் 'ரெண்டாவது கலவை' எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

வெடிப்பின் இருபுறத்தையும் உளியால் சாய்வாக அகற்றி, தூசியைக் கழுவி, ஈரம் ஊறச் செய்து, சிவப்புக் கலவையை அடைத்துத் தேய்த்தார். நான் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருந்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கையுறை போட்டா கரணை பேசாது சார்." நான் காரத்தன்மையைப் பற்றித் தொடங்கினேன். அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். விரல் ரேகைகளே இல்லை. ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவி தம்மைக் கண்டுகொள்வதில்லை என்று வேடிக்கையாகச் சொன்னார். சிரிக்க எனக்கு வரவில்லை. கெஞ்சிக் கேட்டுக்கொண்ட பிறகு, கரணை பிடிக்காத இடதுகைக்கு மட்டும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

வேலை மாலையில் முடிந்தது. பீரோவிலிருந்து வாசல்வரை வெளிர்சிவப்பில் ஒரு கோடு, ஆற்றின் வரைபடம் போல. நனைந்த சாக்கை அதன்மேல் விரித்துவிட்டு, பத்து நாள் காயவிடக் கூடாது என்று தம்பியிடம் சொல்லி, அவர் கிணற்றடிக்குப் போய்க் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். கூலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு புறப்படும்போது, அம்மா அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் புட்டியோடு மெல்ல நடந்து வந்தார்கள்.

"இப்பப் போடக் கூடாதும்மா. தரை நல்லாக் காய்ஞ்ச பெறகுதான் எண்ணெய்" என்றார் அவர்.

"தரைக்கு இல்ல. கைய நீட்டுங்க" என்றார்கள் அம்மா.